லாச்சிக்குள் இருந்த வன்மம்

தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருப்பவர்களுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்கு வரும். கிளாக்கர் பிரித்துக் கொடுத்தால்தான் தப்பால்காரர் வீட்டுக்குக் கொண்டுவருவார்.

அக்கா மகளை ஆசிரியர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைத்த கடிதம், தேர்வு முடிந்த மறுநாள் வந்தது. உறையில் இருந்த ராகலை தபால் முத்திரை இரண்டு வாரம் பழையது. அதே நாள் முத்திரையோடு பக்கத்து வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகை அன்றைக்கே கிடைத்து, கல்யாணச் சாப்பாடும் செரித்துவிட்டது.

அக்காவுக்குக் காரணம் தெரிந்திருந்தது. "கிளாக்கர் வீட்டுத் தோட்டத்துல பீட்ரூட்டுக்குக் களை புடுங்கக் கூப்பிட்டாரு. ஞாயித்துக்கிழமை வரமுடியாதுங்கன்னு சொன்னேன். அதான் தம்பி."

நான் ஆபீசுக்குப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனங்கள், உள்ளே போனதும் "வணக்கம்" என்ற ஒரு சொல்லாகச் சுருங்கின.

"மேசை லாச்சில கெடந்திருக்கு சேர். மறந்துபோச்சு. பிள்ளைக்கு அடுத்த வருசமும் வரும்தானே" என்றார் கிளாக்கர். தேநீர் வேண்டுமா என்றும் கேட்டார். வெட்கக்கேடு, குடித்தேன்.

வீட்டுக்கு வந்து, வீரம் போதாதவர்கள் செய்வதைச் செய்தேன்: அகராதியை எடுத்தேன். தெரிந்தே செய்யும் கெடுதலுக்கு வன்மம் என்று பெயர். 'வன்மை'யிலிருந்து வந்திருக்கலாமாம், கடினம் என்று பொருள். எனக்கு ஒப்பவில்லை. அந்த மனிதரிடம் எதுவும் கடினமாக இல்லை. மெதுவான குரல், மெதுவான கை. லாச்சியைக்கூட மெதுவாகத்தான் மூடியிருப்பார். ஒரு பெண்ணின் வேலையை உள்ளே வைத்து, பதினான்கு நாள் அதன்மேல் முழங்கையை ஊன்றி இருந்திருக்கிறார். இதை மறதி என்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

"வார்த்தையக் கண்டுபிடிச்சிட்டியா?" என்றாள் அக்கா. "அதக் கொண்டுபோய் அந்த ஆளுக்கிட்டயே குடுத்துட்டு வா."

மறுநாள் அக்காவும் மகளும் நானுமாக மூவரும் நுவரெலியாவுக்கு பஸ் ஏறினோம். கல்வி அலுவலகத்தில் இருந்த அதிகாரி அம்மா, தாமதமாகக் கிடைத்ததற்கு முறையீடு எழுதிக் கொடுக்கச் சொன்னார். மூன்று பக்கம் எழுதினேன். வன்மம் நான்கு இடத்தில் வந்தது. வாங்கிப் பார்த்தவர், "முகவரி போடுங்க, பதில் தபால்ல வரும்" என்றார்.

பழக்கதோஷத்தில் தோட்டத்தின் பெயரை எழுதினேன். மருமகள் பேனாவைப் பிடுங்கி அதை அடித்தாள்.

"மாமா, திரும்ப அந்த லாச்சிக்கா?"

அடித்த இடத்துக்கு மேல், திங்கட்கிழமைகளில் நேரில் வந்து பெற்றுக்கொள்வேன் என்று எழுதினாள். இதுவரை ஐந்து திங்கட்கிழமை போயிருக்கிறாள்.