காணாமல் போனவரின் கையெழுத்து

ஜெப்சிக்கு ஓட்டம் ஒரு பிரச்சினையே இல்லை. காலை ஐந்தரை மணிக்குத் தங்கச்சிமடம் ரோட்டில் நண்டுக் கம்பெனி வேன் வருவதற்கு முன்னால் நானூறு மீட்டரை இரண்டு நிமிடத்தில் ஓடி முடித்துவிடுவாள். தேர்வில் கேட்பது இரண்டரை நிமிடம். உயரம் நூற்று ஐம்பத்தொன்பது சென்டிமீட்டர் இருந்தால் போதும், இவளுக்கு நூற்று அறுபத்தொன்று. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, நன்னடத்தைச் சான்று எல்லாம் உறை போட்டுப் பையில் இருந்தன. இல்லாதது ஒன்றே ஒன்று, புருஷன் செத்துப்போனதற்கான காகிதம்.

முப்பத்தாறு வயதில் இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்குப் போக அவளுக்கு வேறு வழி கிடையாது. அவள் பிரிவில் இருபத்தெட்டோடு வயது முடிந்துவிடும். ஆதரவற்ற விதவை என்று கோட்டாட்சியர் கையெழுத்திட்ட சான்றிதழ் இருந்தால் மட்டும் முப்பத்தேழு வரை விடுவார்கள். அறிவிப்பு வந்த அன்றே கணினி மையம் வைத்திருக்கும் பானுப்பிரியா போன் போட்டுவிட்டாள்.

“அக்கா, வந்துருச்சு. அடுத்த மாசக் கடைசிதான் கடைசி நாள். இதை விட்டா அடுத்த வாட்டி நீ போலீஸ்காரிக்கு அம்மாவாத்தான் போகணும்.”

“உன் வாயில சுண்ணாம்பை வைக்க. சர்ட்டிபிகேட் வேணுமே.”

“இன்னுமா வரல? அந்த வக்கீலு என்னதான் பண்றாரு?”

வக்கீல் வீரையா தன்னால் ஆனதைச் செய்துகொண்டுதான் இருந்தார். ஜெப்சியின் கணவன் பெஞ்சமின் 2018 ஜனவரியில் வள்ளத்தில் தனியாகக் கடலுக்குப் போனான். மூன்றாம் நாள் வள்ளம் மட்டும் குந்துகால் பக்கம் ஒதுங்கியது. உடல் கிடைக்கவில்லை. போலீஸில் ‘காணவில்லை’ என்று எழுதினார்கள். ஒருவரைப் பற்றி ஏழு வருஷம் எந்தத் தகவலும் இல்லையென்றால் அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்பது சட்டம். அந்த ஏழு வருஷத்தை ஜெப்சி காலண்டரில் நாள் நாளாகக் கிழித்துக் கடந்தாள். முடிந்த மறுமாதமே வழக்குப் போட்டாயிற்று. சாட்சி விசாரணையும் முடிந்தது. மீன்வளத் துறை அறிக்கை ஒன்று வந்தால் உத்தரவு கிடைத்துவிடும் என்று வீரையா சொல்லியிருந்தார்.

அறிக்கை வந்தது. வீரையா அவளை ராமநாதபுரத்துக்குக் கூப்பிட்டு, மின்விசிறி ஓடாத அறையில் உட்காரவைத்து, காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார்.

“இதைப் பாரும்மா. மீனவர் சங்கத்துல உறுப்பினர் புதுப்பிச்ச படிவம். 2018, 2019, 2020, 2021. நாலுலயும் உன் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டிருக்காரு. கடல்ல காணாமப் போனவரு கரைக்கு வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்காரு.”

ஜெப்சி படிவத்தைப் பார்த்தாள். ‘ச. பெஞ்சமின்’. ச கொஞ்சம் சாய்ந்து, கடைசி ன் கீழே வாலை நீட்டி. அது அவள் எழுத்து.

வருஷா வருஷம் மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணம் வரும். சங்கத்தில் பெயர் இருந்தால்தான் வரும். முதல் வருஷம் படிவம் வீட்டுக்கு வந்தபோது, காணாமல் போனவன் பெயரை எடுத்துவிடலாமா என்று சங்கத்தில் கேட்டார்கள். மாமனார் சகாயம் கட்டிலிலிருந்து எழுந்து வந்து கத்தினார்.

“பேரை எடுத்தா என்ன அர்த்தம்? அவன் செத்தான்னு நாமளே எழுதிக் குடுக்கறதா? எலும்பு ஒண்ணு கரையில கிடந்துச்சா? கட்டியிருந்த கைலி கிடந்துச்சா?”

அந்தக் கரையில் அப்படித்தான். உடல் வராத வீட்டில் துக்கம் கேட்க மாட்டார்கள், கோயிலில் இறந்தவர் பூசை வைக்க மாட்டார்கள். ஊருக்குக் கட்டும் தலைக்கட்டு வரியைக்கூட சகாயம் மகன் பேரில் இன்றுவரை கட்டிவந்தார். அன்று அவர் கத்தியதும் ஜெப்சி பேனாவை எடுத்துக் கையெழுத்தைப் போட்டாள். அடுத்த மூன்று வருஷமும் போட்டாள். அதன்பிறகு கைரேகை வேண்டும் என்று விதி வந்துவிட்டதால் நின்றது.

“இது நான் போட்டது சார்.”

வீரையா கண்ணாடியைக் கழற்றினார். “நான் கேக்கலையே. நீ ஏன் சொல்ற?”

“வேற எப்படிச் சொல்ல?”

“சொல்லாம இருந்தா, 2021ல இருந்து ஏழு வருஷம் எண்ணணும். அப்ப உனக்கு முப்பத்தொன்பது. சொன்னா, பொய்க் கையெழுத்து. துறை புகார் குடுக்கும், கேஸு ஆகும். கேஸு உள்ளவளைப் போலீஸ்ல எடுப்பாங்களா? உன் புருஷன் செத்ததை நிரூபிச்சுட்டு நீ ஸ்டேஷனுக்குப் போவ, ஆனா வேலைக்கு இல்ல.”

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. நண்டு உடைத்து வெடித்திருந்த விரல்களால் படிவத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். கைவிடப்பட்ட பெண் என்று வேண்டுமானால் எளிதாகச் சான்று வாங்கலாம் என்று முன்பே கோட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு எழுத்தர் சொல்லியிருந்தார். காவலர் வேலைக்கு அது உதவாது. உதவியிருந்தாலும் பெஞ்சமின் தன்னை விட்டுவிட்டு ஓடினான் என்று அவளால் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

கிளம்பும்போது வீரையா பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னார். “எழுபத்தஞ்சு வயசு ஆளு, மகன் போன வருத்தத்துல வெவரம் தெரியாம கையெழுத்துப் போட்டுட்டேன்னு சொன்னா, அதிகாரிங்க வாக்குமூலம் வாங்கிட்டு எச்சரிச்சு விட்டுருவாங்க. நான் எதுவும் சொல்லல. நீ எதுவும் கேக்கல.”

அவள் வீட்டில் இதைச் சொல்லவே நினைக்கவில்லை. ஆனால் சகாயம் விடவில்லை. சோற்றை அளைந்துகொண்டிருந்தவளிடம் மூன்று தடவை கேட்டு எல்லாவற்றையும் வாங்கிவிட்டார். 

“நான் போட்டேன்னு சொல்லிருவோம் தாயி.”

“மாமா, நீங்க கைநாட்டு.”

“அது ஆருக்குத் தெரியும்? சங்கத்துல இருந்த பழைய ஆளுக எல்லாம் மாறிப் போயிட்டாங்க. என் பேருல அங்கன ஒரு காயிதமும் கிடையாது. நான் உறுப்பினரும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது.”

“போட்டுக் காட்டச் சொல்வாங்க மாமா.”

“காட்டுவோம். நீ சொல்லிக்குடு.”

அன்று திங்கட்கிழமை. அந்தக் கையெழுத்துகளைப் பற்றி மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரணை அடுத்த திங்கட்கிழமை. அந்த ராத்திரியே, சாயல்குடியில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளின் பழைய நோட்டை விரித்து ஜெப்சி அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“முதல்ல ச. இது உங்க பேருக்குள்ள எழுத்துதான்.”

“என் பேருல இவ்வளவு வளைவா?”

துடுப்பும் கயிறும் பிடித்துக் காய்ந்த கை. பேனாவை உளி பிடிப்பதுபோல் பிடித்தார். காகிதம் கிழிந்தது. இரண்டாம் நாள் ச வந்தது. பெ வரவே இல்லை. முன்னால் போட வேண்டிய கொம்பைப் பின்னால் போட்டார். ஞ்-இல் போய் சிக்கிக்கொண்டு, “இது என்ன, நங்கூரக் கயிறு மாதிரி சுத்திக்கிட்டே போகுது? உங்கத்தை வச்ச பேரு. அந்தோணின்னு வைப்போம்னு சொன்னேன், கேட்டாளா?” என்றார். ஜெப்சி சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே எழுந்து அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். செத்துப்போனவன் பெயரை அவன் தகப்பனுக்கு எழுதக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை அவரே ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்திருந்தார். ச. பெஞ்சமின், ச. பெஞ்சமின், மேலிருந்து கீழே முப்பது தடவை. ன்-இன் வாலைக்கூட அவள் நீட்டுவதுபோலவே நீட்டியிருந்தார்.

“சரியா இருக்கா?”

“இருக்கு மாமா.”

“வேலை கிடைச்சா எந்த ஊர்ல போடுவாங்க?”

“தெரியல.”

“சாயல்குடிப் பக்கம் போட்டா நல்லாருக்கும். பிள்ளையும் பக்கத்துலயே இருக்கும்.”

ஜெப்சி நோட்டை மூடி வைத்தாள். அன்று அவள் மனசிலும் காக்கிச் சட்டை ஒன்று தேய்த்து மடித்த மடிப்பு கலையாமல் இருந்தது. மறுநாள் அதிகாலை வழக்கமான தூரத்தை இரண்டு தடவை ஓடினாள்.

திங்கட்கிழமை துறை அலுவலகத்தில் அவர்களை அழைத்தது பூங்கோதை என்ற ஆய்வாளர். முப்பது வயதுகூட இருக்காது. சகாயத்துக்கு நாற்காலி போடச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பூங்கோதையின் முகத்தைப் பார்த்ததும் ஜெப்சிக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

“அய்யா, இந்த நாலு படிவத்துலயும் கையெழுத்துப் போட்டது நீங்கதானா?”

“நான்தாம்மா.”

“எதுக்குப் போட்டீங்க?”

“பேரை எடுத்துருவோம்னாங்க. எடுக்க விடக் கூடாதுன்னு போட்டேன்.”

அதில் பொய்யே இல்லை. பூங்கோதை ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். சகாயம் பேனாவை வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார். கை நடுங்கியது. ஆனால் எழுத்து வந்துவிட்டது. பூங்கோதை பழைய படிவத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். நாலு வருஷம் கழித்து வயசான கை நடுங்கத்தானே செய்யும். தலையை ஆட்டினார்.

“சரி. இனிமே இப்படிச் செய்யாதீங்க. இன்னும் ரெண்டு கேள்விதான், கோர்ட்டுக்கு அனுப்பணும். 2018 ஜனவரிக்கு அப்புறம் உங்க மகன் வீட்டுக்கு வந்தாரா?”

“வரல.”

“அவர் உயிரோட இருக்கறதா ஏதாவது தகவல் உண்டா?”

இல்லை என்று ஒரு சொல் போதும். பஸ்ஸில் வரும்போது இதையும் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தார்கள். சகாயம் வாயைத் திறந்தார், மூடினார். 

“அய்யா?”

“தகவல்னு ஒண்ணும் வரல.”

“அப்ப இறந்துட்டதா எழுதிக்கலாமா? நீங்க சொன்னாத்தான் நான் எழுத முடியும்.”

“மாமா,” என்றாள் ஜெப்சி.

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. மேஜை ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“இவ கஷ்டம் எனக்குத் தெரியும்மா. சொல்லணும்னுதான் வந்தேன். ஆனா என் வாயால எப்படிச் சொல்ல? எம்மகன் நீச்சல்காரன். அந்தப் பக்கம் இலங்கையில எங்கிட்டாவது ஒதுங்கியிருப்பான். ஜெயில்ல இருப்பான். பேரு மறந்துபோய்க்கூட இருப்பான். இருக்கான்.”

“யாராவது பார்த்தேன்னு சொன்னாங்களா?”

“ஒருத்தரும் சொல்லல. நான் சொல்றேன்.”

பூங்கோதை ஜெப்சியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ‘நீங்கள் ஏதாவது சொல்லுங்கள்’ என்ற கெஞ்சல்தான் இருந்தது.  ஏழு வருஷமாக இந்த மனுஷன் இதையேதான் சொல்லிவருகிறார். ஒரு வாரத்தில் எழுத்தைக் கற்றுக்கொடுக்க முடிந்தது, இதை மாற்ற முடியவில்லை.

பூங்கோதை மெல்ல எழுதி, எழுதியதைப் படித்துக் காட்டினார். “தன் மகன் உயிருடன் இருப்பதாகத் தந்தை கூறுகிறார். சரியாய்யா? கீழ உங்க கையெழுத்தைப் போடுங்க.”

சகாயம் பேனாவை வாங்கினார். இந்த முறை கை அவ்வளவாக நடுங்கவில்லை. ச-வை வளைத்தார். புள்ளி வைத்தார். பெ-வுக்குக் கொம்பை முன்னாலேயே போட்டார். ன்-க்கு வாலை நீட்டி முடித்துவிட்டுத் தாளை நகர்த்தினார்.

பூங்கோதை அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அய்யா, இது உங்க மகன் பேரு. உங்க பேரைப் போடுங்க.”

பெரியவர் விழித்தார். தாளையும் ஜெப்சியையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவைத் தாளில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். ச-வுக்குப் பிறகு அவருக்குப் போகத் தெரியவில்லை.

பூங்கோதை நாலு படிவங்களையும் மறுபடி வரிசையாக விரித்தார். குரலை ஒரு பொட்டுக்கூட உயர்த்தவில்லை. “இதை எப்பம்மா கத்துக்குடுத்தீங்க?”

பதற்றத்தில் மாற்றிப் போட்டுவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். கண் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஜெப்சிக்கு இரண்டும் தோன்றின. பக்கத்து நாற்காலியில் சகாயம் பேனாவை இன்னும் தாளின்மேல் பிடித்தபடியே இருந்தார்.

“போன திங்கக்கிழமை மேடம்.”

“அப்ப இந்த நாலும்?”

“நான் போட்டது. அவருக்கு எழுதத் தெரியாது. அவரை விட்டுருங்க.”

 பூங்கோதை இழுப்பறையிலிருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்து, மேலே ‘வாக்குமூலம்’ என்றும் தேதியும் எழுதி, “உங்க பேரு சொல்லுங்க” என்றார்.