வராதவன் பங்கு

அண்ணனைக் கடல் கொண்டுபோன வருஷம் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. காலையில் ராயபுரத்தில் டிராம் ஏறிக் கல்லூரிக்குப் போவேன். பௌதிக வகுப்பு மாணவர்களுக்குச் சோதனை செய்து காட்டுவது என் உத்தியோகம். சாயங்காலம் திரும்புவேன். சாப்பிட்டது மீனா மண்ணா என்று கேட்டால் தெரியாது. அழுகையும் வரவில்லை. அதைப் பற்றி அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

கட்டுமரம் கவிழ்ந்தபோது கூட இருந்தவர்கள் கரை சேர்ந்தார்கள். அண்ணன் சேரவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. எங்கள் குப்பத்தில் அப்படிப்பட்டவனைச் செத்தவன் என்று சொல்லமாட்டார்கள். வீட்டு ஆண்பிள்ளை குப்பத்துத் தலைவர் முன்னால் போய் வாய்விட்டுச் சொல்கிறவரை அவன் உயிரோடிருப்பவன்தான். மனைவி பூவும் பொட்டுமாக இருப்பாள். மணலில் மீனைப் பங்கு போடும்போது அவனுக்கும் ஒரு பங்கு எடுத்துவைத்து வீட்டுக்கு அனுப்புவார்கள்.

எங்கள் வீட்டில் சொல்லவேண்டிய ஆண்பிள்ளை நான். தலைவர் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தார். நான் காது கேளாதவன் மாதிரி இருந்துவிட்டேன். சொன்னால் அண்ணியின் தாலி இறங்கும். அதை என் வாயால் ஏன் செய்யவேண்டும்?

அந்தச் சமயத்தில்தான் கல்மண்டபத்து வாசகசாலையில் பேசக் கூப்பிட்டார்கள். புது ஈர்ப்புக் கொள்கையைப் பற்றிப் பத்திரிகைகள் ஏதேதோ எழுதிக்கொண்டிருந்த நேரம். பாதிக்கு மேல் பிதற்றல். எழுதுகிறவர்களையெல்லாம் உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொல்லவேண்டும் என்று எரிச்சலாக வரும். அப்போது எனக்கு மிச்சமிருந்த உணர்ச்சி அது ஒன்றுதான். ஒப்புக்கொண்டேன்.

குப்பமே வந்துவிட்டது. பெண்கள் பக்கம் அண்ணியும் உட்கார்ந்திருந்தாள். ஈர்ப்புச் சமன்பாட்டை உண்டாக்கிய ஜெர்மானியர் அதைப் பிரபஞ்சம் முழுவதற்கும் போட்டுப் பார்த்தார் என்று ஆரம்பித்தேன். எல்லாம் ஒன்றையொன்று இழுப்பதால் பிரபஞ்சம் உள்ளே சரிந்துவிடும் என்று விடை வந்தது. ஆனால் அது அசையாமல் நிற்கிறது என்றே அன்று நம்பினார்கள். அதனால், அதை நிற்கவைப்பதற்கென்றே சமன்பாட்டில் ஒரு எண்ணைக் கூடுதலாகச் சேர்த்தார்.

"அந்த எண்ணு கீதுன்னு கண்ணால பாத்தாரா?" என்று கேட்டார் வலை பின்னும் கிழவர் ஒருவர்.

"பாக்கல தாத்தா. வராதவனுக்கும் ஒரு பங்கு போடறோமே, வூடு நிக்கணும்னு? அந்த மாதிரி."

எல்லோருக்கும் சட்டென்று புரிந்துவிட்டது. என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்குத்தான் புரியவில்லை. நான் பாட்டுக்குத் தொடர்ந்தேன். தூரத்து நட்சத்திரக் கூட்டங்களின் ஒளி சிவப்புப் பக்கம் தள்ளியிருக்கிறது. அப்படியென்றால் அவையெல்லாம் விலகிப் போய்க்கொண்டிருக்கின்றன. பிரபஞ்சம் நிற்கவே இல்லை என்று தெரிந்துபோயிற்று. "அதனால அந்தப் பங்கை அவரே வேணாம்னு எடுத்துட்டாரு" என்றேன்.

சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிழவர்தான் பேசினார். "இருந்துட்டுப் போவட்டுமே நைனா. அதால யாருக்கு இன்னா நஷ்டம்?"

"வானசாஸ்திரிங்க சில பேரு அதை வுடமாட்டேன்னுதான் சொல்றாங்க" என்றேன் அவசரமாக. அதுவும் உண்மைதான். அந்த எண்ணை எடுத்துவிட்டால் பிரபஞ்சத்தின் வயது பூமியின் வயதைவிடக் குறைந்துபோகிறது என்று அவர்களுக்குக் கவலை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அண்ணி கேட்டாள். "சில பேரு வுடமாட்டேங்கறாங்கன்னியே. நீ இன்னா சொல்ற தம்பி?"

"எதைப் பத்தி அண்ணி?"

"எதைப் பத்தின்னு உனக்குத் தெரியும்."

தெரியும். துறைமுகத்துக்குப் போகும் மாட்டுவண்டிகள் கடக்கிறவரை தெருவோரம் நின்றோம். பிறகு சொன்னேன்: "அது இல்லாமலே கணக்கு நிக்குது அண்ணி."

அவள் எனக்கு முன்னால் நடந்தாள்.

மறுநாள் காலையில் பங்கு மீனோடு ஆள் வந்தான். அண்ணி கூடையைத் தொடவில்லை. "இனிமே எடுத்துனு வராதப்பா" என்றாள். தலையிலிருந்த பூவைத் தானே எடுத்து மாடத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன்.

"எங்க அண்ணன் செத்துட்டான்" என்று சொன்னேன். அதை என் காதால் கேட்டதும், அவர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.