சுவரில் சாய்த்த பிளேட்

சகாதேவன் போலீஸ் ஆகாமல் போனதற்கு அடி அண்ணாமலை கிராமத்தில் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். ஏழரைச் சனி என்பார் ஒருவர். ஊர்க்கண் பட்டுவிட்டது என்பார் இன்னொருவர். அவன் அம்மா ரேணுகாம்பாளைக் கேட்டால், டவுனிலிருந்து வந்த ஒரு பையனின் பேரைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றுவாள். உண்மையான காரணம் தெரிந்த ஆள் ஒருவன்தான். அது சகாதேவனே. அவன் வாயைத் திறக்க மாட்டான்.

அவர்களுக்கு நிலம் என்று சொல்லிக்கொள்ள மணிலாக்கொட்டை போடுகிற ஒரு துண்டு கொல்லை உண்டு. கிணறு வற்றியபின் அதுவும் பேருக்குத்தான். பன்னிரண்டாவது முடித்த நாளிலிருந்து சகாதேவனுக்குக் காக்கிச் சட்டையைத் தவிர வேறு நினைப்பில்லை. ஓட்டத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. கிரிவலப் பாதையில் விடியற்காலையில் அவன் ஓடினால் நாய்கூடக் கொஞ்ச தூரம் துரத்திவிட்டு நின்றுவிடும். குறை மார்பில் இருந்தது. மூச்சை இழுத்தால் ஐந்து சென்டிமீட்டர் விரிய வேண்டும் என்பது கணக்கு. முதல் தடவை செலக்‌ஷனுக்குப் போனபோது நான்கோடு நின்றுவிட்டது. டேப் பிடித்த ஏட்டு நல்ல மனுஷன், "இன்னும் நல்லா இழுப்பா" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். இழுக்க உள்ளே இடம் வேண்டுமே.

திரும்பி வந்த வாரமே டவுனில் தேரடி வீதிக்குப் பின்னால் இருக்கும் ஆதிமூலம் மாஸ்டரின் ஜிம்மில் சேர்ந்தான். முன்பு அரிசி மண்டியின் குடோனாக இருந்த இடம். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. வாசலுக்கு நேரே ஆஞ்சநேயர் படம். சாமி இருப்பதால் செருப்பு வெளியேதான். வெறுங்காலோடு உள்ளே வந்து, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் இரும்பில் கை வைக்க வேண்டும். பெஞ்சில் படுத்தவன் எழுந்ததும் தன் துண்டால் வேர்வையைத் துடைக்க வேண்டும். பாரில் எடைக்காக ஏற்றிய இரும்பு பிளேட்டை அவனவனே கழற்றி ஸ்டாண்டில் மாட்ட வேண்டும். பக்கத்தில் ஒருவன் அதிக எடை தூக்கினால் கேட்காமலே போய்க் கை கொடுக்க வேண்டும். இதையெல்லாம் யாரும் எழுதிப் போடவில்லை. எழுதிப் போடாத சட்டத்துக்கு ஒரு காவல்காரன் வேண்டும், சகாதேவன் தானாக அந்த வேலையை எடுத்துக்கொண்டான். போலீஸ் ஆகும் முன்பே அவனுக்குப் போலீஸ் புத்தி வந்துவிட்டது என்று மாஸ்டர் கேலி செய்வார்.

2004 தை மாதம் வேலூரில் செலக்‌ஷன் என்று தகவல் வந்தது. எழுத்துத் தேர்வில் தேறியிருந்தான். அடுத்த முறை ஆள் எடுக்கும்போது அவனுக்கு வயது தாண்டிவிடும். இதுதான் கடைசி. மார்பும் இதற்குள் விரிய ஆரம்பித்திருந்தது. அம்மா தையல் டேப்பைப் பிடிக்க அவன் மூச்சை இழுப்பான். ஐந்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். இன்னும் மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தால் போதும் என்று நம்பினான்.

அந்த மூன்று வாரம்தான் கிடைக்கவில்லை. ஜனவரி பிறந்தால் ஊரில் பாதிப் பேருக்குத் தங்களுக்குத் தொப்பை இருப்பது திடீரென்று ஞாபகம் வரும். சபரிமலைக்குப் போய் மாலை கழற்றியவர்கள், பெண் பார்த்து முடிவானவர்கள், பொண்டாட்டி ஏதோ சொல்லிவிட்டாள் என்று ரோஷப்பட்டவர்கள் எல்லோரும் புது பனியனும் புதுத் துண்டுமாக வந்து இறங்கினார்கள். பெஞ்சில் உட்கார்ந்து புது பைக்கின் மைலேஜ் பேசினார்கள். கண்ணாடிக்கு முன் நின்று, ஒரே நாளில் கை பருத்துவிட்டதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். டம்பெல்லை எடுத்த இடத்தில் வைக்காமல் தொப்பென்று போட்டார்கள். சகாதேவன் ஒரு செட் செய்ய அரை மணி நேரம் காத்து நின்றான்.

மாஸ்டரிடம் முறையிட்டான்.

"பல்லைக் கடிச்சுக்கினு இருடா. தை பொறந்தா வழி பொறக்கும், நம்ம ஜிம்முல எடம் பொறக்கும். தைப்பூசத்துக்குள்ள ஒருத்தன் இருக்க மாட்டான் பாரு" என்றார் ஆதிமூலம்.

"தைப்பூசத்துக்கு அப்புறம் எனக்கு எடம் எதுக்கு மாஸ்டர்?"

மாஸ்டர் புது ஆட்கள் கட்டிய ஃபீஸை எண்ண ஆரம்பித்தார். அவருக்கும் குடும்பம் இருந்தது.

புதிதாக வந்தவர்களில் அறிவுச்செல்வன் என்று ஒரு பையன். செங்கம் ரோட்டில் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்துகிறவன். அவன் மாமா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லாட்ஜ் வைத்திருந்தார். முதல் நாளே வெள்ளை வெளேரென்ற ஷூவோடு உள்ளே வந்துவிட்டான்.

"தம்பி, உள்ள சாமி இருக்குது. வெளிய வுட்டுட்டு வா."

"இது ஷூங்கண்ணா. செருப்பு இல்ல."

"கோயிலுக்குள்ளயும் இதான் சொல்லுவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். பையன் காது சிவக்க வெளியே போய்க் கழற்றிவிட்டு வந்தான். "தெரியாதுண்ணா, சாரிண்ணா" என்றான். நல்ல பையன்தான். அவனிடம் ஒரே கெட்ட பழக்கம், ஏற்றிய பிளேட்டைக் கழற்ற மறந்துவிடுவான். சகாதேவன் மூன்று தடவை எல்லோர் முன்னாலும் கத்தினான். மூன்று தடவையும் பையன் சாரி சொன்னான்.

போகிக்கு முந்தின நாள் சாயங்காலம். சகாதேவன் ஊரிலிருந்து ஓடியே வந்தான், வாசலில் கேன்வாஸ் ஷூவைக் கழற்றினான், உள்ளே நுழைந்தால் நிற்க இடமில்லை. பெஞ்சில் அறிவுச்செல்வன் படுத்திருந்தான். அவன் முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க வெளியே போனான். வழக்கம்போல பிளேட் பாரிலேயே இருந்தது.

"கழட்டி மாட்றதுக்கு உங்கப்பன் வருவானாடா?" என்றான் சகாதேவன். பையன் காதில் அது விழவில்லை.

தானே கழற்றினான். இருபது கிலோ பிளேட்டை ஸ்டாண்டுக்குத் தூக்கிக்கொண்டு போனால் அதன் முன்னால் ஒரு பெரிய மனிதர் முக்காலி போட்டு உட்கார்ந்து சம்பந்தி வீட்டுக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் நகருங்க சார்."

"ஒரு நிமிஷம்பா" என்றார், நகரவில்லை.

சகாதேவனுக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. திரும்பி வந்து பெஞ்சுக்குப் பக்கத்துச் சுவரில் அந்த பிளேட்டைச் சாய்த்து வைத்தான். ஜிம்மில் சேர்ந்த நாளிலிருந்து அவன் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. வேறு யாராவது செய்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பான். தனக்கு வேண்டிய எடையை ஏற்றிப் படுத்து ஒரு செட் முடித்தான். மார்பு நன்றாக ஏறியது. திருப்தியாக எழுந்து கால்களைத் தரையில் ஊன்றினான். அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் டம்பெல்லைத் தொப்பென்று போட்டான். தரை அதிர்ந்தது. வேர்வை ஈரத்தில் பிளேட்டின் அடி வழுக்கி, அவன் வலது கால் விரல்கள்மேல் விழுந்தது.

"எவன்டா இத சாய்ச்சு வச்சது?"

வலியில் சகாதேவனிடமிருந்து வந்த கத்தல். அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்விக்கு அங்கே எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருந்தது. எல்லாக் கண்ணும், தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே வந்த அறிவுச்செல்வன்மேல் திரும்பியது. பிளேட்டை யார் எங்கே வைத்தார்கள் என்று ஒருவரும் பார்த்திருக்கவில்லை. அவனவன் தன் கையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். சம்பந்தி வீட்டுக் கதை சொன்ன பெரிய மனிதர் துண்டை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டார். ஆதிமூலம் எட்டி வந்து பையனைப் பளாரென்று அறைந்தார்.

"நான்... பார்லதான வுட்டுட்டுப் போனேன்?" என்றான் பையன். பிறகு ரத்தத்தைப் பார்த்தான். "நானா வச்சேன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டான்.

ஆட்டோவில் ஏறும்போதே சகாதேவனுக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. அறிவுச்செல்வன் அவன் காலைத் தன் மடியில் வைத்துத் துண்டால் அழுத்திப் பிடித்திருந்தான். பொங்கல் சந்தைக் கூட்டத்தில் ஆட்டோ கரும்புக் கட்டுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றது.

"எப்ப எடுத்தேன், எப்ப சாய்ச்சேன், ஒண்ணுமே ஞாபகம் இல்லண்ணா" என்று பையன் அழுதான். "நீங்க எத்தினி தடவ சொன்னீங்க. எனக்குப் புத்தி வரல."

அப்போது சொல்லியிருக்கலாம். ஆட்டோ நகராமல்தான் இருந்தது. சகாதேவன் கண்ணை மூடிக்கொண்டான்.

பெருவிரலும் அடுத்த விரலும் நொறுங்கியிருந்தன. கட்டுப் போட்ட டாக்டர், "ஷூ போட்டிருந்தா இவ்ளோ ஆயிருக்காதே. வெறுங்காலோடவா ஜிம்முக்குப் போவீங்க?" என்று கேட்டார்.

"தப்பு பண்ணவன் இவன்தானா?" என்று ரேணுகாம்பாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் மகனைக் கேட்டாள். பக்கத்திலேயே பையன் நின்றுகொண்டிருந்தான். சகாதேவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தாய்க்கு அது போதும். பையன் வாங்கி வந்த பழத்தை அவன் கண்ணெதிரிலேயே தெருமாட்டுக்குப் போட்டாள்.

செலக்‌ஷனுக்குப் போக வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் போனான். அறிவுச்செல்வன் அவனைத் தன் மாமாவின் காரில் வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போய் மைதானத்து கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றான். உள்ளே மார்பை அளந்தார்கள். சகாதேவன் மூச்சை இழுத்தான். டேப் ஆறு சென்டிமீட்டர் நகர்ந்தது. "சபாஷ்" என்றார் அளந்தவர். அந்த ஒரு நிமிஷம் அவன் சந்தோஷமாக இருந்தான், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. அடுத்து ஓட்டம். கட்டை அவிழ்த்துவிட்டு, பெரிய சைஸ் ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டு வரிசையில் நின்றான். முதல் சுற்றின் பாதியில் விழுந்தான். எழுந்து மறுபடி விழுந்தான். எப்போதும் அவனுக்குப் பின்னால் ஓடுகிறவர்கள் எல்லாம் தாண்டிப் போனார்கள். விசில் ஊதி வெளியே அனுப்பிவிட்டார்கள்.

நொண்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது அறிவுச்செல்வன் ஓடிவந்து தோளைக் கொடுத்தான். அந்த நொடியில் சகாதேவனுக்கு அவன்மேல் கொலைவெறி வந்தது. தப்பே செய்யாதவன்மேல் வரும் கோபம்போலப் பொல்லாத கோபம் வேறில்லை. அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் தன் கை பிளேட்டைச் சுவரில் சாய்ப்பது தெரிந்தது.

மாஸ்டர் சொன்னபடி தைப்பூசத்துக்குள் ஜிம் காலியானது. ஆஞ்சநேயர் படத்தை வாசல் நிலைக்கு மேலே மாற்றி மாட்டிவிட்டு, இனி ஷூ போட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றார். சகாதேவன் அங்கே திரும்பிப் போகவில்லை. அறிவுச்செல்வன் தன் மாமாவிடம் மன்றாடி லாட்ஜில் ரிசப்ஷன் வேலை வாங்கிக் கொடுத்தான். சகாதேவன் மறுக்கவில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். வருகிறவர்களுக்குச் சாவி கொடுத்து, போகிறவர்களிடம் சாவி வாங்கி, காலை லேசாக இழுத்து நடந்து, அவன் முப்பது வயதைத் தாண்டினான்.

அறிவுச்செல்வன் ஒரு வேண்டுதல் வைத்திருந்தான். சகாதேவன் காலில் வலி தீருகிறவரைக்கும் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மலை சுற்றுவது என்று. மத்தியானமே லாட்ஜுக்கு வந்து செருப்பை மேஜைக்கு அடியில் விட்டுவிட்டுக் கிளம்புவான். விளக்கு வைத்தபின் திரும்பி வருவான். ஒரு பௌர்ணமி தவறியதில்லை. அவன் கல்யாணம் ஆன மாதமும் வந்தான்.

கால் நொறுங்கி நான்கு வருஷம் கழித்து ஒரு சித்திரா பௌர்ணமி. தார் ரோடு கொதித்த நாள். அறிவுச்செல்வன் திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தான். கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. சகாதேவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"அண்ணா, பெங்களூர்ல வேலை கெடச்சிருக்குது. வீட்டுல அவளும் மாசமா இருக்குறா. மாசாமாசம் வர்றது கஷ்டம்." தயங்கினான். "வேண்டுதலப் பாதியில வுடறதுக்கு பயமா இருக்குது. உங்க கால் இப்ப எப்படிண்ணா இருக்குது? தேவலன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா, சாமிகிட்ட சொல்லி முடிச்சுக்குவேன்."

சகாதேவனுக்குக் காலில் வலி நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நடை மட்டும்தான் கோணல். எல்லாவற்றையும் சொல்லிவிட இதைவிட நல்ல நேரம் வராது என்று அவனுக்குத் தெரிந்தது. "தம்பி, அந்த பிளேட்டு..." என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. இவன் சுற்றுவதை நிறுத்திவிட்டால் அந்தத் தப்பின் பாரத்தைத் தூக்க வேறு ஆளில்லை, தான் ஒருவன்தான் என்பதும் கூடவே வந்தது. அவனுக்குப் பயமாக இருந்தது.

"இன்னாண்ணா?" என்றான் அறிவுச்செல்வன்.

"வலி இருக்குது தம்பி. மழைக்காலத்துல ஜாஸ்தி."

அறிவுச்செல்வன் தலையை ஆட்டினான். உரிந்த காலைச் செருப்புக்குள் மெல்ல நுழைத்தான்.

"சரிங்கண்ணா. எங்க இருந்தாலும் வந்துடறேன்" என்றான்.