மூன்று நாள் என்று சொன்ன பயணம்

ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்குப் பதினாலாயிரம் கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். வளைகுடாவில் ஒருமுறை விமானம் மாறினால் ஒரு நாளுக்குள் இறங்கிவிடலாம். யாழ்ப்பாணம் போக, வாகனத்தில் இன்னும் ஏழெட்டு மணித்தியாலம். எப்படிப் பார்த்தாலும் ஒன்றரை நாள். இதை அப்பாவை எரித்த பிறகுதான் தேடிப் பார்த்தேன்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஸ்காபரோவில் அம்மாவின் தங்கையான சித்தியின் வீட்டில் தங்கியிருந்தேன். வகுப்பு முடிந்து வந்தபோது ஊரிலிருந்து அப்பா இறந்த செய்தி வந்து, பதிலும் போய்விட்டிருந்தது. வெளிநாட்டுப் பிள்ளை வரும்வரை உடலை வைத்திருப்பது ஊர் வழக்கம். எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை இங்கேயிருந்து பேசுகிறவர் தீர்மானிப்பார். சித்தப்பா ஊரிலிருந்த என் அண்ணனிடம் சொல்லியிருந்தார்: "அவள் வந்து சேர மூண்டு நாள் செல்லும். வைச்சிருக்காதையுங்கோ, எடுங்கோ."

என்னிடம், "திங்கள் வெளிக்கிட்டால் புதன்தானே இறங்குறது? மூண்டு நாள்தானே?" என்றார். அங்கே மணிக்கூடு ஒன்பதரை மணித்தியாலம் முன்னால் ஓடுகிறது என்பதைச் சொல்லவில்லை. பல வருடமாகப் போய்வருகிறவருக்கு அது தெரியாதா? என்னைத் தனியாக அனுப்ப அவருக்கு விருப்பமில்லை. கூட வருவதற்கு லீவு கேட்கவும் விருப்பமில்லை. அவ்வளவுதான்.

வீடியோவில் அப்பாவின் கால்களைத்தான் கண்டேன். முகம் தெரியாதபடி ஆட்கள் மறைத்து நின்றார்கள்.

இந்த வருடம் சித்தப்பாவின் அம்மா இறந்தார். ஊரில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் அவர் இருந்தார். அலுவல்களை அண்ணன் பார்த்தான். டிக்கெட் போட வழக்கம்போல என்னைக் கூப்பிட்டார்கள். இப்போது நான் இருக்கும் பிக்கரிங்கிலிருந்து லாப்டொப்புடன் போனேன். வீடு நிறைய ஆட்கள். நடுவில் சித்தப்பா அழுதுகொண்டிருந்தார்.

அண்ணனின் அழைப்பு வந்தது. "சித்தப்பா எப்ப வந்து சேருவார்? ஐயர் கேக்கிறார். வைச்சிருக்கிறதோ, எடுக்கிறதோ?"

ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் வைத்தேன்.

"நீங்களே சொல்லுங்கோ சித்தப்பா. எவ்வளவு நேரம் செல்லும்?"

"உனக்குத்தானே தெரியும் பிள்ளை. நீ சொல்லன்."

"நான் சொன்னால் மூண்டு நாள் எண்டுதான் சொல்லுவன். உங்களிட்டைப் படிச்ச கணக்கு."

"எடியே, செத்தவீட்டிலை உதென்ன கதை?" என்றார் சித்தி.

"அதுவும் செத்தவீடுதான் சித்தி."



"ஒண்டரை நாள்," என்றார் சித்தப்பா. "ஒண்டரை நாளிலை வந்திடுவன் தம்பி. அம்மாவை எடுத்துப்போடாதை."

அண்ணன் மெதுவாகக் கேட்டான்: "அப்ப அண்டைக்கு அப்பாவையும் வைச்சிருந்திருக்கலாம், என்ன?"

சித்தப்பா தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அது இனித்தது. இப்போது எழுதும்போதும் இனிக்கிறது.

கிடைத்ததிலேயே மிகக் குறுகிய பயணத்தைத்தான் அவருக்குப் போட்டேன். இரக்கத்தினால் இல்லை. அவர் நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும், தன் அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டும். மூன்று நாள் என்றவர் ஒன்றரை நாளில் வந்து இறங்குவதை ஊர் முழுக்க நின்று பார்க்கவேண்டும்.

விமான நிலையத்துக்கு நான்தான் கார் ஓட்டினேன். 401 நெடுஞ்சாலையில் நெரிசல். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனவர், திரும்பி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"இன்னும் கோவமோ பிள்ளை?"

"ஓம்," என்றேன். "நேரம் போகுது, உள்ளை போங்கோ."