நான் போட்ட ஓட்டையும் பிரேக் பைப்பும்

மீன் ஏற்றும் எங்கள் பழைய பிக்கப்பில் ஐஸ் தண்ணீர் தேங்குகிறதென்று, கெம்பஸில் இஞ்சினியரிங் படிக்கிற திமிரில் நானே பின்தட்டின் அடியில் ஓட்டை போட்டேன். அதற்கு நேர் கீழே பிரேக் பைப். ஒரு வருடமாக உப்புத் தண்ணீர் அதன்மேல் சொட்டியிருக்கிறது.

வெருகல் முருகன் கோயில் திருவிழாவுக்கு அம்மாவை ஏற்றப்போகும் காலையில், செக் பண்ண விட்டிருந்த பிக்கப்பை எடுக்கப் போனால், டியூஷனில் கூடப் படித்த கிண்ணியா மெக்கானிக் சாவியைத் தர மறுத்தான்.

"பைப் துருப்பிடிச்சு உக்கிப்போச்சு மச்சான். ஓட ஏலாது."

"நேத்தும் ஓடினனான்டா! பிரேக் நல்லாப் பிடிக்குது."

அவன் ஏறிப் பெடலை ஓங்கி மிதித்தான். பைப் வெடித்து பிரேக் ஒயில் நிலமெல்லாம் கொட்டியது.

"இப்ப ஏத்து உன்ட அம்மாவ, இஞ்சினியர்!"

பஸ்ஸில்தான் போனோம். அர்ச்சனைக்கு அவன் பெயரையும் கொடுத்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார்.

"அவன் முஸ்லிம் ஐயா. பேரை மட்டும் வடிவாச் சொல்லுங்கோ."