கடலரசனின் கோட்டைக் கதவு

ஒன்பது வயதில் நான் மனதைப் பறிகொடுத்தது ஒரு கடற்கொள்ளைக்காரனிடம். மேடைக்கு வெளியே அவர் எங்கள் ஊர்த் தபால்காரர். நாய்க்குப் பயந்து வாசல் படலைக்கு வெளியே நின்றே சைக்கிள் மணியை அடிக்கிற மனிதர். ஆனால் கறுப்புச் சால்வையைப் போர்த்து, மீசையைக் கரியால் பெருக்கி, "நான் கடலரசன்!" என்று அவர் முழங்கியபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

வல்வெட்டித்துறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சண்டை முடிந்து, பூட்டிக் கிடந்த வாசிகசாலையை மறுபடி திறந்திருந்தார்கள். அதன் ஆண்டுவிழாவுக்கு நாடகம் எழுதியவர் வாசிகசாலைத் தலைவரான பெரிய மாமா, அம்மாவின் தமையன். கடலரசன் என்ற கொள்ளைக்காரன் ஒரு வணிகனின் மகளைக் கப்பலோடு பிடித்துக்கொண்டுபோய்த் தன் கோட்டையில் அடைக்கிறான். ஆனால் அவளைத் தொடுவதில்லை. முத்தும் பட்டும் கொடுக்கிறான். ஒவ்வொரு மாலையும் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று, "சம்மதமா?" என்று கேட்கிறான். நூறாம் நாள் அவள் "சம்மதம்" என்கிறாள். மேளம், மாலை, திரை.

அந்த முடிவில் பெரிய மாமாவுக்கு மிகுந்த பெருமை. "கள்ளன் எண்டாலும் ஒரு பெட்டையின்ரை மனதைக் கேட்டு நடக்கிறான், பாருங்கோ" என்று ஒத்திகை பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்கள் தலையாட்டினார்கள். அவர்களை விடப் பலமாக நான் ஆட்டினேன்.

வணிகனின் மகளாக நடித்தது சின்னம்மா, அம்மாவின் கடைசித் தங்கை. தாய் தகப்பன் இல்லாத அவரைப் படிப்பித்தது பெரிய மாமாதான். உயர்தரச் சோதனை நன்றாகச் செய்து, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிற பல்கலைக்கழகத்துக்கு, எங்கள் பேச்சில் கம்பசுக்கு, அவர் தெரிவாகியும் இருந்தார். அதே நேரத்தில் கனடாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குச் சின்னம்மாவை விடப் பதினான்கு வயது கூட. பாஸ்போட் எடுக்க வேண்டும் என்று பெரிய மாமா சின்னம்மாவின் அடையாள அட்டையையும் சான்றிதழ்களையும் வாங்கித் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் விறாந்தையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். மாப்பிள்ளையின் தமக்கையும் வந்திருந்தார். தட்டில் கேக்கும் வாழைப்பழமும் இருந்தன. பெரிய மாமா எல்லோருக்கும் கேட்கும்படியாக, "பிள்ளை, உனக்குச் சம்மதம்தானே?" என்றார்.

சின்னம்மா அம்மாவைப் பார்த்தார். அம்மா தேநீர்க் கோப்பைகளைப் பார்த்தார்.

"ஓம் அண்ணை."

அந்த "ஓம்" என் காதில் தெளிவாக விழுந்தது. எனக்கு இரண்டு துண்டு கேக் கிடைத்ததால் அது நல்ல நாளாகவே நினைவில் இருக்கிறது.

விழா நாள் பின்னேரம் வாசிகசாலை முற்றம் நிரம்பி வழிந்தது. நான் முன்வரிசையில் பாயில் இருந்தேன். கோட்டைக் கதவுக்கு யாரோ ஒருவர் வீட்டு உண்மைக் கதவையே நிலையோடு கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். வெளியே கொண்டிப் பூட்டு. நூறாம் நாள் வந்தது. கடலரசன் கதவுக்கு முன்னால் மண்டியிட்டு, என் உயிரே போகும்படியான குரலில் கேட்டான்.

"பெண்ணே, சம்மதமா?"

உள்ளிருந்து சத்தமில்லை. மறந்துபோனார் என்று நினைத்து, திரைக்குப் பின்னாலிருந்து பெரிய மாமா எடுத்துக் கொடுத்தார். "சம்மதம்... சம்மதம் எண்டு சொல்லு!" முன்வரிசைக்கு நன்றாகக் கேட்டது.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து சின்னம்மாவின் குரல் வந்தது. அது நாடகக் குரல் இல்லை. எங்கள் குசினி அடுப்படியில் கேட்கிற குரல்.

"முதல்ல கதவைத் திறவுங்கோ. பிறகு கேளுங்கோ."

மேளக்காரர் தடியை ஓங்கியபடி அப்படியே நின்றார். கடலரசன் திரைப்பக்கம் பார்த்தான், எங்களைப் பார்த்தான். பிறகு கரிமீசை வியர்வையில் வழிய, தபால்காரராகவே மாறி, "திறக்கிறன் தங்கச்சி" என்றார். முற்றம் முழுக்கச் சிரித்தது. அவர் அவசர அவசரமாகப் பூட்டைக் கழற்றினார். கதவு திறந்ததும் ஒதுங்கி நின்று, மெதுவாக, "இப்ப கேக்கட்டோ?" என்றார்.

"இப்ப கேளுங்கோ."

"சம்மதமோ?"

"இல்லை" என்றார் சின்னம்மா. பட்டுச் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு மேடைப் படியால் இறங்கி, பாய்களுக்கு நடுவால் நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். சில பெண்கள் கைதட்டினார்கள். கடலரசன் திறந்த கதவைப் பிடித்தபடி தனியே நின்றான். நான் விம்மி விம்மி அழுதேன், அவனுக்காக.

பெரிய மாமா மூன்று நாட்கள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. "ஊர் முழுக்கச் சிரிக்குது, உனக்கு விசரே?" என்று அம்மா சின்னம்மாவை ஏசினார். பிறகு அம்மாவே ஒரு மூலையில் இருந்து அழுதார். நாலாம் நாள் காலை பெரிய மாமா வந்தார். சின்னம்மாவைத் தவிர எங்களையெல்லாம் கிணற்றடிக்குப் போகச் சொன்னார். நான் வாழைக்குப் பின்னால் ஒளித்து நின்றேன். அவர் ஒரு கடித உறையைச் சின்னம்மாவின் கையில் கொடுத்தார். அடையாள அட்டையும் சான்றிதழ்களும் அதற்குள் இருந்தன என்று பிறகு தெரிந்தது.

"இப்ப சொல்லு பிள்ளை. நான் கோவிக்க மாட்டன்."

"எனக்கு வேண்டாம் அண்ணை. நான் படிக்கப் போறன்."

"அண்டைக்கு ஓம் எண்டு சொன்னனியே" என்றார் பெரிய மாமா. அதில் கோபம் இல்லை. குழப்பம்தான் இருந்தது.

"ஓம் அண்ணை. அண்டைக்கு வேறை என்னத்தைச் சொல்லியிருப்பன்?"

அவர் எழுந்து செருப்பைத் தேடினார். போகும்போது, கம்பசுக்குப் போக ஒரு நல்ல பை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் தலையாட்டிக்கொண்டு போனார்.

எனக்குச் சின்னம்மாமேல் கோபம் தீரவில்லை. முத்துக் கொடுத்து, பட்டுக் கொடுத்து, நூறு நாள் காத்திருந்தவனை இப்படிச் செய்யலாமா? அதனால் பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் நாடகத்தை நானே திருத்தி எழுதினேன். அதில் வணிகனின் மகள் தன் பிழையை உணர்ந்து தானாகவே கோட்டைக்குத் திரும்பி வருகிறாள். கல்யாணம் நடக்கிறது. இருவரும் அந்தத் தீவில் சந்தோஷமாக வாழ்கிறார்கள். கீழே கடலரசனின் கப்பலை நங்கூரத்தோடு வரைந்து நிறந்தீட்டினேன்.

சின்னம்மா கம்பசுக்குப் போவதற்கு முதல்நாள் அதைக் கொண்டுபோய் அவர்முன் வைத்தேன். வெட்கப்படட்டும் என்றுதான். அவர் உடுப்பு மடிப்பதை நிறுத்திவிட்டு முழுவதும் வாசித்தார். பென்சிலை எடுத்து இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல வடிவாய்க் கீறியிருக்கிறாய். அவளின்ரை வள்ளம் எங்கை?"

"அவளுக்கு என்னத்துக்கு வள்ளம்? அவனிட்டைத்தானே கப்பல் நிக்குது" என்றேன்.

சின்னம்மா பென்சிலை என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்கி, கடலரசனின் கப்பலுக்கு இன்னுமொரு பாய் வரைந்தேன்.