அப்பாவின் ஏழு மணி ஜெபம்

போன மாதம் அப்பாவை அடக்கம் செய்த அன்று, வந்தவர்கள் எல்லாம் அவரை நாட்டுக்கு உழைத்தவர் என்றார்கள். உழைத்தார்தான். கடற்படையில் பதினைந்து வருடம் எஞ்சின் அறையில் இருந்தவர். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு எங்களை வைத்து அவர் நடத்திய கப்பலைப் பற்றி யாரும் பேசவில்லை.

தூத்துக்குடிக்காரர், கடலே இல்லாத திருப்பூருக்கு வந்து ஒரு பனியன் கம்பெனியில் செக்யூரிட்டி ஆபீசராகச் சேர்ந்தார். கடல் இல்லாவிட்டால் என்ன, வரிசையாக ஆறு குடித்தனம் இருக்கும் லைன் வீடு இருந்தது. மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். ஒரு நிமிடம் பிந்தக் கூடாது. நான் ஊரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். ஓவர்டைம் என்று தெரிந்தால் கம்பெனிக்கே போன் போட்டு, "எம் மவள ஆறரைக்கு விட்டுருங்க, ஜெபம் இருக்கு" என்பார். எனக்குக் கீழே வேலை பார்த்த பெண்கள் முன்னால் வாரத்துக்கு இரண்டு தடவை என் மானம் கப்பலேறியது.

ஜெபத்தை அவர் மேலதிகாரிக்கு ரிப்போர்ட் கொடுப்பதுபோலத்தான் தொடங்குவார். "பரம பிதாவே, என் மனைவி சுகம், முட்டு வலி மட்டும் இருக்கிறது. மகன் முதலிபாளையத்தில் வேலைக்குப் போகிறான். நேற்று லீவு போட்டான், காரணம் நீர் அறிவீர்." எங்களை நேருக்கு நேர் அவர் திட்டியதே இல்லை. திட்ட வேண்டியதையெல்லாம் ஆண்டவரிடம் சொல்லிவிடுவார். கண்ணை மூடி மண்டியிட்டிருக்கும் மனுஷனை எதிர்த்துப் பேச முடியுமா? கேட்டுத் தொலைக்க வேண்டியதுதான். எஞ்சின் சத்தத்தில் காது மந்தமாகிப்போனதால் குரல் வேறு பெரிசு. லைன் வீட்டில் இருந்த மற்ற ஐந்து குடும்பங்களும் எங்கள் ரிப்போர்ட்டைக் கேட்டு முடித்த பிறகுதான் சீரியல் போடும்.

என் குட்டும் அப்படித்தான் உடைந்தது. "பிதாவே, என் குமாரத்தி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே வீடு வரவில்லை. பேக்கரியில் உட்கார்ந்து முட்டை பப்ஸ் தின்றாள். எதிரே இருந்தவன் யாரென்று நீர் அறிவீர். எனக்கும் வெளிப்படுத்தும்."

ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் ஜெபிப்பது எங்கள் வழக்கம். அடுத்தது என் முறை. பயம் ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். "ஆண்டவரே, அவர் எங்கள் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். இந்த ஊர்க்காரர், தோட்டம் இருக்கிறது. வேதம் வேறு, சாதியும் வேறு. ஆனால் குடி கிடையாது. கட்டினால் அவரைத்தான் கட்டுவேன். இதை என் தகப்பனுக்கு நீரே எடுத்துச் சொல்லும்" என்று அப்பாவின் மந்தக் காதுக்கும் எட்டும்படி ஒரே மூச்சில் உரக்கச் சொல்லி ஆமென் போட்டேன். பிறகு அம்மா. "கர்த்தாவே, ரெண்டு பேருக்கும் நல்ல புத்தியக் குடும். கொழம்பு அடுப்புல இருக்கு" என்று எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலை குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏங்கண்ணு, பையனுக்குத் தோட்டம் எத்தன ஏக்கராவாமா?"

அன்று மாலை ரிப்போர்ட்டில் அம்மா வந்தாள், தம்பி வந்தான். நான் வரவில்லை. எனக்கு அம்மை போட்டது, நான் கணக்கில் ஃபெயிலானது எல்லாம் ஆண்டவருக்குப் போயிருக்கிறது. இப்போது ஆளே இல்லை. அடுத்த நாளும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அவுகளுக்கு வேதத்த விடவும் மனசில்ல, ஒன்ன விடவும் மனசில்ல. என்னட்டி செய்வாவ?" என்றாள் அம்மா. மெர்ச்சண்டைசர் வீட்டிலோ, பெண்ணின் அப்பா வந்து முன்னால் நின்றால்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் அப்பா இல்லாத கல்யாணம் வேண்டாம். மெர்ச்சண்டைசரை வேண்டாமென்று சொல்லவும் வாய் வரவில்லை.

இதை அவரிடமே சொன்னேன். ஒரு திங்கட்கிழமை ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, நெற்றியில் திருநீறோடு எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றினார். "ஏனுங்க, நானும் ஜெபத்துல உக்காந்துக்கலாமுங்களா?"

ஜெபத்துக்கு வந்தவனை விரட்ட அப்பாவின் வேதம் விடாது. கப்பலில் ஏறியவனைக் கணக்கில் சேர்க்காமல் இருக்கக் கடற்படைப் பழக்கம் விடாது. நன்றாக மாட்டிக்கொண்டார். "பிதாவே, விசிட்டர் ஒருவர் வந்திருக்கிறார்" என்றார் வேண்டாவெறுப்பாக. ஜெபம் முடிந்ததும் விசிட்டர் பணிவாக, "ஆமெனுங்க" என்றார். அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அப்பாவின் மீசை துடித்தது, சிரிப்பா கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாளும் வந்தார். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இந்த எறும்பு தினமும் ஸ்கூட்டரில் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை பேசாது, ஒரு வாய்க் காப்பி குடிக்காது, "வரனுங்க" என்று போய்விடும். ஒரு மாதத்துக்குப் பிறகு, "விசிட்டருக்குச் சளி பிடித்திருக்கிறது, சுகம் தாரும்" என்கிற அளவுக்கு அப்பா இறங்கி வந்தார். என்னைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. விசிட்டருக்கு வந்த சளிக்கு இருக்கிற மரியாதைகூட எனக்கு இல்லையா என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

ஒரு நாள் ஏழு மணி ஆகியும் விசிட்டரைக் காணவில்லை. நாங்கள் மண்டியிட்டோம். அப்பா தொடங்கவில்லை. ஏழு ஐந்து ஆயிற்று, ஏழு பத்து ஆயிற்று. ஜெப நேரத்தில் போனைத் தொடக் கூடாது, அதனால் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"என்னங்க, தொடங்குங்களேன். முட்டு வலிக்கு" என்றாள் அம்மா.

அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொறு. ஒரு ஆளு கொறையுதுல்லா."

ஏழரைக்கு விசிட்டர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "மன்னிச்சுக்கோங்க, கன்டெய்னர் ஏத்த நேரமாயிப் போச்சுங்க." அப்பா அவர் மண்டியிடும்வரை பொறுத்திருந்து கண்ணை மூடினார்.

"பிதாவே, என் மனைவி சுகம். மகன் சுகம்" என்றார். பிறகு, இரண்டு மாதம் கழித்து முதல் தடவையாக, என் பெயரைச் சொன்னார். அதை அடுத்து அவர் பெயரையும் சொன்னார், விசிட்டர் என்று சொல்லவில்லை.